33வது புத்தகமும் முடிந்தது (யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்)

அகழிக்கரை (சத்துவாச்சாரி), ஞாயிறு இரவு 9.40

ஒருவழியாக முடித்துவிட்டேன். அகதா கிறிஸ்டி எழுதிய, பொய்ரோ என்ற துப்பறிவாளர் வரும் நாவல்கள் 33ம். கடைசி ‘கர்ட்டன்’. ஆறு வருடம் பிடித்தது. முக்கால்வாசி காட்பாடிக்கும் சென்னைக்கும் நடுவில், ஏலகிரி எக்ஸ்பிரஸில், பல நாள் நின்றுகொண்டே படித்தது.

மூன்று வாரம் முன்பு வீடு திரும்பும்போது வாலாஜா ரோடு தாண்டியதும் பார்த்தேன், முப்பது பக்கம்தான் பாக்கி. காட்பாடி வருவதற்குள் முடிந்துவிடும். சட்டென்று மூடிவிட்டேன். பழைய சீசன் டிக்கெட்டை அந்தப் பக்கத்தில் செருகிப் பையில் போட்டுக்கொண்டு, திருவலம் பாலத்தில் பொன்னை ஆற்று மணலை வேடிக்கை பார்த்தபடி வந்து சேர்ந்தேன். அதற்கப்புறம் புத்தகம் பையிலேயே தினம் சென்னை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவே இல்லை. வீட்டில் கேட்டார்கள்: “முடிச்சிட்டா இன்னா ஆவும்? புக்கு எங்கனா ஓடிப் பூடுமா?”

இன்று மதியம் மொட்டை மாடியில் கூழ்வடகம் காயப் போட்டிருந்தார்கள். காக்கா விரட்டும் வேலை எனக்கு. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, சரி, இன்றைக்கு ஆகட்டும் என்று எடுத்தேன். படித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் ஒரு நீண்ட கடிதம் வருகிறது. அதைப் படித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் இரண்டு வரிசை வடகத்தைக் காணோம். மூன்றாவது வரிசையில் ஒரு காக்கா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. விரட்டத் தோன்றவில்லை.

திட்டு வாங்கியாயிற்று. இனி என்ன படிப்பது என்றுதான் தெரியவில்லை. வேறு வரிசை எதையாவது ஆரம்பிப்பதா, இதையே மறுபடி முதலிலிருந்தா? உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மக்கன்பேடா (ஆற்காடு), ஞாயிறு இரவு 10.05

வடகத்துக்கு முதலில் என் ஆழ்ந்த இரங்கல்.

அப்புறம், பொய்ரோவுக்கு நீங்கள் மட்டும் துக்கம் கொண்டாடவில்லை அண்ணா. 1975 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே அவருக்கு மரணச் செய்தி போட்டது. பிறக்கவே பிறக்காத ஓர் ஆளுக்கு! அவர் சாவதை நான் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அது செய்தித்தாளிலேயே வந்த விஷயம். எப்படி, யாரால், ஏன் என்பதை நான் சொல்லவில்லை.

பாலாற்று மணல் (காட்பாடி), ஞாயிறு இரவு 10.31

அம்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கையா? என்ன அண்ணா இது. கொலை செய்வது
[இதற்கு மேல் இருந்த மூன்று வரிகள் நீக்கப்பட்டன. தலைப்பைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள் தம்பி. – மட்டுறுத்துநர்]

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, திங்கள் காலை 5.50

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எழுபதுகளில் வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை நூலகம் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பைசா. துப்பறியும் நாவல் எதை எடுத்தாலும் பதினைந்து, இருபது பக்கத்துக்குள் யாரோ ஒரு பெயரைப் பென்சிலால் சுழித்துப் பக்கத்தில் ‘இவன்தான்’ என்று எழுதியிருப்பான். எல்லாப் புத்தகத்திலும் ஒரே கையெழுத்து. நான் சட்டைப் பையில் ரப்பரோடுதான் போவேன். அழித்தாலும் பயன் இல்லை. அழுத்தி எழுதுகிற கை அவனுக்கு. தாளைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரியும்.

இரண்டு வருடம் அவனைச் சபித்துக்கொண்டே படித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், பாதிப் புத்தகங்களில் அவன் சுழித்த ஆள் கொலையாளியே இல்லை. முடிவைப் படித்துவிட்டு எழுதியவன் இல்லை அவன். பாதியில் ஊகித்து எழுதியிருக்கிறான். அன்றிலிருந்து அவன்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. என்னைப்போல இன்னொருத்தன், அவ்வளவுதான்.

தம்பி, பென்சில்காரனாவது தப்பாகச் சொன்னான். நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். அதுதான் குற்றம்.

பாலாற்று மணல், திங்கள் காலை 8.15

மன்னிச்சிடுங்க ஐயா. அண்ணா, உங்களுக்கும் சாரி.

அகழிக்கரை, திங்கள் காலை 8.40

பரவாயில்லை தம்பி. நான்தான் படித்துவிட்டேனே. (இப்போது ஆற்காடு ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். பை லேசாக இருக்கிறது. என்னமோ போல இருக்கிறது.)

மக்கன்பேடா, திங்கள் மதியம் 1.20

மதிய இடைவேளை. விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ‘கர்ட்டன்’ பிடித்ததற்குக் காரணம் கதை மட்டும் இல்லை, அதை எழுதிய நேரம். 1975ல் வெளியான அந்தப் புத்தகத்தை அகதா கிறிஸ்டி இரண்டாம் உலகப் போரின் ஆரம்ப வருடங்களிலேயே எழுதிவிட்டார். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். இருப்போமோ போவோமோ என்று இரண்டு கையெழுத்துப் பிரதிகளை எழுதி, காப்பீடும் செய்து, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். பொய்ரோவின் கடைசிக் கதை மகளுக்கு, அவருடைய இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்பிள் என்ற பாட்டியின் கடைசிக் கதை கணவருக்கு. தான் போன பிறகு வெளியிட்டு வரும்படியை வைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

என் ஆயா தன் சாவுச் செலவுக்கென்று சுருக்குப்பையில் தனியாகப் பணம் முடிந்து வைத்திருந்தாள். மாலைக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று கணக்குகூட உண்டு. அதை முடிந்து வைத்த பிறகு இருபத்திரண்டு வருடம் நன்றாகச் சாப்பிட்டு, எல்லோரையும் அதட்டி வாழ்ந்தாள். எனக்கு அந்தச் சுருக்குப்பைதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்டி 1890ல் பிறந்தவர். ‘கர்ட்டன்’ எழுதும்போது ஐம்பதை ஒட்டிய வயது, கை முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்கு முன்னால் வெளியான பொய்ரோ நாவல் ‘எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்’, 1972. அப்போது அவருக்கு 82. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், சொன்னதையே சொல்லும், வருடக் கணக்கு உதைக்கும். வரிசையாகப் படித்து வருகிறவர், பாவம் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கடைசிப் புத்தகத்தைத் திறந்தால், முப்பது வருடத்துக்கு முந்தைய பொம்பளை கத்தியோடு நிற்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆரணிப் பட்டு, திங்கள் மாலை 6.02

எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. அடிக்க வராதீர்கள்.

பொய்ரோ சக்கர நாற்காலியில், கை கால் முடங்கி, இருதயம் பழுதாகி. அவருடைய பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு மனைவி இல்லை. முதல் நாவலில் செல்வச் செழிப்போடு இருந்த ஸ்டைல்ஸ் மாளிகை இப்போது காசு வாங்கிக்கொண்டு ஆள் தங்க விடுகிற வீடு, சாப்பாடுகூடச் சரியில்லை. ஒரு பெரிய மனுஷரை இப்படிக் காட்டத்தான் வேண்டுமா? நன்றாக வாழ்ந்தவர்களை நன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ள விடுங்களேன்.

இன்னொன்று. துப்பறியும் கதை படிப்பதே மனசு லேசாவதற்குத்தான். கொலை நடக்கும், யாரும் அழமாட்டார்கள், நாற்பது அத்தியாயத்தில் கணக்கு நேராகிவிடும். கடைசிப் புத்தகத்தில் மட்டும் திடீரென்று அழச் சொன்னால் எப்படி?

அகழிக்கரை, திங்கள் இரவு 9.15

அந்த வீடு அப்படி ஆனதில்தானே விஷயமே இருக்கிறது! முதல் நாவல் 1920ல் வந்தது, பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த பொய்ரோ ஸ்டைல்ஸ் பக்கத்துக் கிராமத்தில் தங்கியிருக்கிறார். ஹேஸ்டிங்ஸ் போரில் காயம்பட்ட ராணுவ அதிகாரி. இரண்டு பேரும் முன்பே பழகியவர்கள், அந்த வீட்டில்தான் முதல் வழக்கு. 1937க்கு அப்புறம் எந்தப் பொய்ரோ நாவலிலும் ஹேஸ்டிங்ஸ் கிடையாது. நான் படித்த கணக்கில் அவரைப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல். கடைசிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அந்த மனுஷன் வந்து நிற்கிறான், அதே வீட்டுக்குப் போக ரயிலில். நானும் ரயிலில். அரக்கோணத்தில் ஏறிய ஒருவர் “சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று மூன்று தடவை சொன்னாராம்.

நல்லபடி நினைவில் வைத்துக்கொள்வது என்கிறீர்களே, என் அப்பாவைக் கடைசி இரண்டு வருடம் நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். அதை விட்டுவிட்டு நினைத்தால் அது என் அப்பா இல்லை.

ஆரணிப் பட்டு, திங்கள் இரவு 9.50

அண்ணா, அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்ல. சரி. இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாலாற்று மணல், திங்கள் இரவு 11.10

ஒரு சந்தேகம். எழுத்தாளரே ஆளைக் கொல்வதால் என்ன ஆகிவிடும்? ஷெர்லாக் ஹோம்ஸை 1893ல் அருவியில் தள்ளிவிட்டார் கோனன் டாயில். ஜனங்கள் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். 1901ல் பழைய வழக்கு என்று ஒரு நாவல், 1903ல் சாகவே இல்லை என்று திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் 1927 வரை ஓடியது. கிறிஸ்டி இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் பொய்ரோவும் எழுந்து வந்திருப்பாரோ என்னவோ.

மக்கன்பேடா, செவ்வாய் காலை 7.30

அந்த அம்மா பெட்டகத்தில் பூட்டி வைத்தது அதற்கும்தானோ என்று எனக்குத் தோன்றும் தம்பி. தான் மனசு மாற முடியாதபடி. டாயில் சாவை அச்சில் கொடுத்துவிட்டு ஊர் வாயில் விழுந்தார். இவர் சாவை எழுதிவிட்டு, ஊருக்குச் சொல்லாமல், அதே ஆளை வைத்து இன்னும் முப்பது வருடம் குடும்பம் நடத்தினார். நூல் வெளியாகி நாலு மாதத்தில், 1976 ஜனவரியில், அவரும் போய்விட்டார்.

நான் மருந்தாளுநர் என்பதால் இன்னொரு பக்கவாட்டுச் செய்தி. கிறிஸ்டி இரண்டு போரிலும் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். முதல் நாவலில் வரும் விஷம் ஸ்டிரிக்னின், அதை எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார் என்று மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியது. ஸ்டிரிக்னின் என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்காதீர்கள், நம்மூர் எட்டிக்கொட்டையில் இருப்பதுதான். சின்ன வயதில் மலையடிவாரத்தில் எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் தளதளவென்று விழுந்து கிடந்ததைப் பொறுக்கினேன். ஆயா கையிலேயே அடித்தாள். ‘எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று பழமொழி வேறு. முதல் நாவலைப் படித்தபோது அந்த அடிதான் ஞாபகம் வந்தது.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, செவ்வாய் காலை 8.05

எல்லோரும் சீமைக்காரர்களையே பேசுகிறீர்கள். நம் துப்பறிவாளர்களுக்குக் கடைசிப் புத்தகம் என்று ஒன்று உண்டா? யோசித்துப் பாருங்கள்.

சங்கர்லாலுக்கு உண்டா? தமிழ்வாணன் 1977ல் போய்விட்டார், சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். சுஜாதாவின் கணேஷ் 1968ல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடரில் வந்தவர். வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டான். 2008ல் சுஜாதா மறையும் வரை இரண்டு பேரும் வக்கீல் தொழிலை விடவும் இல்லை, வசந்துக்குக் கல்யாணம் ஆகவும் இல்லை. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேன் – வைஜ், எல்லோரும் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கியே வளர்ந்தவர்கள். அடுத்த மாதம் இன்னொரு கொலை. அவர்களுக்கு விடை கொடுக்க நமக்கு யாரும் வாய்ப்பே தரவில்லை.

ஆரணிப் பட்டு, செவ்வாய் காலை 9.30

ஐயா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! நம் வழிதான் நல்ல வழி. எங்கள் ஊர் ஆரணி குப்புசாமி முதலியார் நூறு வருடத்துக்கு முன்னாலேயே இங்கிலீஷ் துப்பறியும் கதைகளைத் தமிழ் உடை போட்டு இறக்கியவர். அந்தக் காலத்திலிருந்து நாம் ஆளை விட்டுவைத்துத்தான் பழக்கம். (ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று யாராவது திருத்த வருவீர்கள். 1989ல்தான் பிரித்தார்கள். எங்கள் வீட்டுப் பத்திரம் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறது.)

மிஸ் மார்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டகத்தில் கிடந்த இன்னொரு பிரதிதானே ‘ஸ்லீப்பிங் மர்டர்’, 1976ல் வந்தது. அதில் அந்தப் பாட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வழக்கை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் எங்கேயோ தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளலாம். அண்ணா, அடுத்து அதைப் படியுங்கள்.

பாலாற்று மணல், செவ்வாய் மதியம் 12.45

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் சூ கிராஃப்டன் கதை தெரியுமா? 1982ல் ஏ எழுத்தில் ஆரம்பித்து ஒரு புத்தகத்துக்கு ஓர் எழுத்து. 2017ல் ஒய் வந்தது. அந்த டிசம்பரிலேயே இறந்துவிட்டார். வேறு ஆளை வைத்து இசட் எழுதச் சம்மதமில்லை என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். தங்களுக்கு ஆங்கில எழுத்து ஒய்யோடு முடிந்துவிட்டது என்றார் மகள். 25 புத்தகம் படித்துவிட்டு ஓர் எழுத்து குறைவது எனக்கு ஆகவே ஆகாது. அதற்குப் பொய்ரோ பரவாயில்லை.

ஒழுங்காக முடித்தவர்கள் என்றால் ஸ்வீடனின் ஷோவால் – வாலூ எழுத்தாளர் ஜோடிதான். மொத்தம் பத்து என்று முதலிலேயே முடிவு செய்து, 1965லிருந்து 1975 வரை பத்தும் எழுதினார்கள். அதே 1975ல் வாலூ இறந்துவிட்டார். பத்தாவது புத்தகத்தின் கடைசி வார்த்தை

மட்டுறுத்துநர், செவ்வாய் மதியம் 12.46

தம்பி!

பாலாற்று மணல், செவ்வாய் மதியம் 12.48

சொல்லல, சொல்லல. நானே நிறுத்திட்டேன் பாருங்க.

குடியாத்தம் நூல், செவ்வாய் இரவு 8.30

முதல் முறையாக இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்லலாமா?

அம்மாவுக்கு இப்போது 78. கல்யாணமான புதிதில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊரில் கணக்கு நோட்டு பைண்டு பண்ணுகிற ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிவிடுவாள். அதில் ஒன்று மர்மத் தொடர். சிவப்புக் காலிகோ அட்டை, முதுகில் பசை காய்ந்து வெடித்திருக்கும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் வேறு எதுவோ: பாதி ஜோக், பல்பொடி விளம்பரம், பத்தியச் சமையல் குறிப்பு. கதையைப் படிக்கும்போது கொலைக்கும் பல்பொடிக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே அந்தத் தொகுப்புதான்.

கடைசி அத்தியாயம் அதில் இல்லை. அந்த வாரம் என் அண்ணன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் பாட்டி அந்த இதழில் கத்திரிக்காய் விதை காயப் போட்டுவிட்டுத் தூக்கி எறிந்திருக்கிறாள். அந்தச் சண்டை பத்து வருடம் ஓடியது என்பார் அப்பா.

தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது முடிவைப் போட்டுவிடுவீர்கள். ஒரு மலை பங்களா, டாக்டர், அவருடைய கம்பவுண்டர், நின்றுபோன ஒரு சுவர்க் கடிகாரம். அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, புதன் காலை 5.40

அம்மா, அந்தக் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருக்குமா? மாடிப்படித் திருப்பத்தில்?

குடியாத்தம் நூல், புதன் காலை 6.55

ஐயா! ஆமாம்! நாலு இருபது! கை நடுங்குகிறது எனக்கு.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, புதன் காலை 7.10

என்னிடம் முழுத் தொகுப்பும் இருக்கிறது. டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நானும் பைண்டு செய்தது. உங்களுடையது சிவப்பு, என்னுடையது பச்சை. கடைசி அத்தியாயம் மூன்று பக்கம். பேரனை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மக்கன்பேடா, புதன் காலை 7.12

நான் இன்றைக்கு வேலைக்குப் போகப்போவதில்லை. இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அகழிக்கரை, புதன் காலை 8.50

ரயில் கிளம்பிவிட்டது, சோளிங்கர் பக்கம் சிக்னல் கிடைக்காது. யாராவது என்ன ஆயிற்று என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

குடியாத்தம் நூல், புதன் இரவு 9.20

அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. கம்பவுண்டர்தான் கொன்னது” என்றாள்.

நீ எப்போ படிச்சே என்று கேட்டேன். படிக்க எதற்கு, மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தானே என்றாள். ஐம்பது வருடமாக அந்த வீட்டில் அவன்தான் கொலைகாரன். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புத்தகத்தில் வேற ஆளா இருந்தா என்ன பண்ணுவே என்று விடாமல் கேட்டேன். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். “அப்பொ எழுதினவருக்குத் தெரியல” என்றாள்.

வேண்டாம் ஐயா. அனுப்பவேண்டாம். உங்களுக்கு மிகவும் நன்றி.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, வியாழன் காலை 5.35

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நேற்று இரவு பச்சை அட்டையை எடுத்துக் கடைசி மூன்று பக்கத்தை மறுபடி படித்தேன். கம்பவுண்டர் இல்லை. ஆனால் அம்மா சொன்ன பிறகு யோசித்தால் அவனாக இருந்திருந்தால்தான் பொருந்தும் போலிருக்கிறது. அந்தச் சாவிக்கு ஆசிரியர் பதிலே சொல்லவில்லை.

பாலாற்று மணல், வியாழன் காலை 7.48

ஐயா!!! ஸ்பாய்லர்!!!

ராணிப்பேட்டை ரிட்டயர்டு, வியாழன் காலை 8.02

ஐயோ. அவசரத்தில் கை போய்விட்டது. மட்டுறுத்துநர் தயவுசெய்து நீக்கவும். குடியாத்தத்து அம்மா பார்ப்பதற்குள்.